பருவ வேலைகளும் முதுகுப் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டம் கொத்துவது, பனி வாருவது, உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளுவது, விடுமுறைப் பயணத்துக்குப் பெட்டி தூக்குவது, வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்வது ஆகியவை ஆண்டில் சில நாள்களே வரும் வேலைகள். அந்தச் சில நாள்களுக்குப் பிறகுதான் பலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவரைத் தேடுகிறார்கள். இவற்றில் எந்த வேலையையும் முதுகுக்குப் பயந்து கைவிட வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு, எந்த வேகத்தில், உடம்புக்கு எவ்வளவு அருகில் வைத்துச் செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கீழே உள்ள பதில்கள் பொதுவானவை. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் எலும்பு அடர்த்திக் குறைவு உள்ளவர்களும் தங்கள் மருத்துவரின் சொல்லையே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

பருவ வேலைகளின்போது முதுகு பிடித்துக்கொள்வது ஏன்?

தசை, எலும்பு, தசைநார், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் ஆகிய எல்லாமே தமக்கு வழக்கமாக வரும் சுமைக்கு ஏற்பத் தம்மைப் பழக்கிக்கொள்கின்றன. நான்கைந்து மாதங்கள் நாற்காலியில் கழிந்த முதுகு அந்த அளவுக்கே பழகியிருக்கும். பருவம் மாறிய முதல் விடுமுறை நாளில் அதே முதுகை ஐந்து மணி நேரம் குனிய வைத்தால், அது தாங்கிப் பழகிய அளவுக்கும் அன்று சுமத்தப்பட்ட அளவுக்கும் இடையில் பெரிய இடைவெளி விழுகிறது. வலி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. கடைசியாகத் தூக்கிய பொருளைத்தான் நாம் குற்றவாளியாக்குகிறோம். அதற்கு முன் இடைவிடாமல் குனிந்திருந்த மணிநேரங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இது அரிதான சிக்கலும் அன்று. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகவும், 2050-க்குள் அந்த எண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. மனிதர்களை இயங்கவிடாமல் முடக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடத்தில் இருப்பதும் இந்த வலிதான். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, இன்ன எலும்பில், இன்ன நரம்பில் கோளாறு என்று சுட்டிக்காட்டத்தக்க ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. இது கவலைக்குரிய செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் ஆறுதலான செய்தி. பெரும்பாலான வலிகள் ஆபத்தில்லாதவை, சில வாரங்களில் தாமே தணிபவை என்பதே இதன் பொருள்.

குளிரும் மழையும் முதுகு வலியை உண்டாக்குமா?

பலரும் உறுதியாக நம்பும் விஷயம் இது. ஆனால் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், மழை ஆகியவற்றுக்கும் திடீர் முதுகு வலிக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. வானிலையைவிட, அந்த வானிலையில் நாம் வாழும் முறைதான் முதுகைப் பாதிக்கிறது என்று நான் கருதுகிறேன். குளிர்காலத்தில் நடை குறைகிறது, உட்காரும் நேரம் கூடுகிறது. மழைக்காலத்தில் வழுக்கி விழுவது மிகுகிறது. கோடையில் நெடும்பயணங்கள் வருகின்றன. ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்குக் குளிரில் தசை இறுக்கமாக உணரப்படுவது உண்மையே. அவர்களுக்குக் கதகதப்பான உடையும் வெந்நீர்க் குளியலும் இதமளிக்கும்.

குனிந்து தூக்கும்போது முதுகுக்குள் என்னதான் நடக்கிறது?

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற அறிவுரைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கீழ்முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் முதுகுத்தண்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. நாம் கையில் ஏந்தும் பொருளோ 30, 40, 50 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. 10 கிலோ எடையை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதைச் சமன் செய்ய முதுகுத் தசைகள் ஏறத்தாழ 100 கிலோவுக்குரிய விசையுடன் இழுத்தாக வேண்டும். உடம்பின் மேற்பாதி முன்னால் சாய்ந்திருந்தால் அதன் எடையும் இந்தக் கணக்கில் சேரும். அத்தனை இழுவிசையும் கீழ்முதுகின் டிஸ்குகளை அழுத்துகிறது. அதே 10 கிலோவை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் தசைகளின் வேலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு டிஸ்கினுள் மெல்லிய அழுத்தமானியைப் பொருத்தி அளந்து, 1999-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. நிமிர்ந்து நின்றபோது டிஸ்கினுள் இருந்த அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1. ஒரே ஒருவரிடம் எடுக்கப்பட்ட அளவுகள் என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் எந்த நிலையில் அழுத்தம் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்பதை அறிய இவை உதவுகின்றன.

அப்படியானால் எப்போதும் முழங்காலை மடக்கித்தான் தூக்க வேண்டுமா?

முடிந்தபோதெல்லாம் அப்படித் தூக்குவது நல்லது. ஆனால் அதை மீறினால் முதுகு உடைந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. முதுகுத்தண்டு வளைவதற்காகவே அமைந்தது. கீழே விழுந்த பேனாவை எடுக்க ஒவ்வொரு முறையும் குந்தி எழ வேண்டியதில்லை. பெரிய பெட்டியைக் குந்தித் தூக்கும்போது முழங்கால்கள் இடையில் வந்து பெட்டியை முன்னால் தள்ளிவிடுவதும் உண்டு. அப்போது குந்தியும் பயனில்லை. ஆகவே முதலில் பொருளை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். கால்களை அதன் இருபுறமும் அகட்டி வையுங்கள். அதன் பிறகு இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் சேர்ந்தாற்போல் மடங்கி, வெடுக்கென்று இழுக்காமல் எழுந்திருங்கள். குனிந்த நிலையிலேயே பக்கவாட்டில் திரும்பி வீசுவதுதான் நான் பெரிதும் அஞ்சும் அசைவு. திரும்ப வேண்டுமானால் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

எவ்வளவு எடை வரை தூக்கலாம்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த கணக்கு முறை ஒரு நல்ல அளவுகோல். எல்லாம் சாதகமாக அமைந்தால், அதாவது பொருள் கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள்ளும், இடுப்புயரத்திலும், நல்ல பிடியோடும், நேர் எதிரிலும் இருந்தால், 23 கிலோ என்பது அந்த முறையின் உச்சவரம்பு. பொருள் 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவுக்கு இறங்கும். அத்துடன் உடம்பை 90 பாகை திருப்பவும் வேண்டியிருந்தால் ஏறத்தாழ 8 கிலோதான். தரையிலிருந்து எடுக்கும்போதும், அடிக்கடி தூக்கும்போதும் இன்னும் குறையும். பாதைக்கு அப்பால் எட்டிப் பிடித்துத் தூக்கும் ஒரு சிறிய தொட்டி, மார்போடு அணைத்த பெரிய பெட்டியைவிட ஏன் முதுகைப் பதம் பார்க்கிறது என்பதை இந்தக் கணக்கு விளக்கிவிடுகிறது.

காலையில் எழுந்தவுடன் வேலையைத் தொடங்கலாமா?

கொஞ்சம் பொறுத்துத் தொடங்குவது நல்லது. இரவு படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் நம் உயரம் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது. இறுகி உப்பியிருக்கும் அந்த நேரத்தில் குனிந்தால், டிஸ்கின் வெளி வளையத்தின் மீதும் தசைநார்களின் மீதும் இழுவை மிகுதியாக விழுகிறது. உப்பிய நீரில் பெரும்பகுதி எழுந்து நடமாடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். நாள்பட்ட முதுகு வலி உள்ளவர்கள் காலையில் முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததாக 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே குளிர்காலக் காலையில் படுக்கையிலிருந்து நேரே பனி வாரச் செல்வதும், வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம் என்று எழுந்த கையோடு களை பிடுங்குவதும் வேண்டாம். சற்று நடந்து, காலை உணவை முடித்த பிறகு தொடங்கலாம்.

தோட்ட வேலையில் முதுகைக் காப்பது எப்படி?

தோட்ட வேலையின் ஆபத்து எடையில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. களை பிடுங்குபவர் தூக்குவது ஒரு கைப்பிடிச் செடிதான். ஆனால் அரை மணி நேரம் முழுதாக வளைந்திருக்கும்போது, முதுகுத் தசைகள் மெல்ல ஓய்ந்துவிட, உடம்பின் பாரம் தசைநார்களின் மேல் தொங்குகிறது. அவை சிறிது சிறிதாக நெகிழ்கின்றன. இருபது நிமிடம் முழுதாகக் குனிந்திருந்தவர்களை அளந்து பார்த்தபோது, நிமிர்ந்து அரை மணி நேரம் ஆன பின்னும் அந்த நெகிழ்வு முற்றிலும் நீங்கவில்லை. களை பிடுங்கி முடித்து நிமிர்ந்த கையோடு உர மூட்டையைத் தூக்குபவருக்கு முதுகு பிடித்துக்கொள்வது இதனால்தான். அந்த நேரத்தில் முதுகுத்தண்டு தன் வழக்கமான உறுதியோடு இல்லை. இரண்டு வேலைகளுக்கும் நடுவில் நீர் ஊற்றுவது, கிளை வெட்டுவது போன்ற நின்றபடி செய்யும் வேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

குனிந்து செய்ய வேண்டியதை, தடித்த விரிப்பின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலை முன்னால் மடித்து வைத்துச் செய்யலாம். ஒரு கையைத் தரையிலோ தொடையிலோ ஊன்றினால் முதுகின் பாரம் கணிசமாகக் குறையும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்து, மெதுவாகப் பின்னோக்கி ஐந்தாறு முறை வளையுங்கள். களைக்கொட்டு, மண்வெட்டி ஆகியவற்றின் காம்பு உங்கள் உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காம்பு குட்டையாக இருந்தால் அந்தக் குறையை முதுகு வளைந்துதான் ஈடுகட்டும்.

பூவாளியில் 10 லிட்டர் நீர் பிடித்தால் அதுவே 10 கிலோ. ஒரு கையில் நிறைந்த வாளியைச் சுமப்பதைவிட, இரு கைகளிலும் பாதியளவு வாளிகளைச் சுமப்பது முதுகுத்தண்டைக் கோணாமல் வைத்திருக்கும். ஈர மண்ணின் எடையைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு லிட்டர் கொள்ளும் இடத்தில் ஈர மண் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும். மழை பெய்த மறுநாள் தொட்டிகளை இடம் மாற்றாமல், மண் உலரும்வரை பொறுத்திருக்கலாம். பெரிய தொட்டியைக் காலியாக இருக்கும்போதே உரிய இடத்தில் வைத்துவிட்டு, அங்கேயே மண் நிரப்புவது எல்லாவற்றிலும் நல்லது.

பனி வாரும்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் எவ்வளவு எடையை நகர்த்தப் போகிறோம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பாதையில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனி விழுந்திருந்தால், அது 3 கன மீட்டர். பொடிபோன்ற புதுப் பனியானால் 300 கிலோவுக்குள் இருக்கலாம். நீர் கோத்த கனமான பனியானால் 900 கிலோவையும் தாண்டலாம். இத்தனையையும் மண்வாரியின் நுனியில், அதாவது உடம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தூக்கித் திருப்பி வீசுகிறோம். அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரையிலான பதிவுகளின்படி பனி வாரும்போது ஏற்பட்ட காயங்களுக்காக ஆண்டுக்குச் சராசரியாக 11,500 பேர் அவசர சிகிச்சைப் பிரிவுகளை நாடினர். காயமுற்ற உறுப்புகளில் முதலிடம் கீழ்முதுகுக்கு.

எனவே தூக்குவதைக் குறைத்துத் தள்ளுவதைக் கூட்டுங்கள். பனியை ஓரம்வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே மட்டும் தூக்குங்கள். மண்வாரியைப் பாதி மட்டும் நிரப்புங்கள். ஒரு கை கீழ்ப்பகுதிக்கு அருகில் இருக்கட்டும். வீசும் திசைக்கு முழு உடம்பையும் பாதங்களோடு திருப்புங்கள். தோளுக்கு மேலாகப் பின்புறம் வீசவே கூடாது. பனி முழுதும் விழுந்து முடியட்டும் என்று காத்திராமல், இடையிடையே இரண்டு மூன்று முறை வாரினால் ஒவ்வொரு முறையும் சுமை குறையும். முதுகைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கையும் உண்டு. குளிரில் திடீரெனக் கடும் உழைப்பில் இறங்குவது இதயத்துக்குப் பெரும் சுமை. இதய நோய் உள்ளவர்களும், நெடுநாள் உடற்பயிற்சி இல்லாத நடுத்தர வயதினரும் இந்த வேலையைப் பிறரிடம் விடுவதே மேல். வேலையின் நடுவே மார்பில் இறுக்கமோ, கையிலும் தாடையிலும் வலியோ, மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

இலை கூட்டுவதும் அள்ளுவதும் எளிய வேலைதானே?

எளிய வேலைதான், ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பிச் செய்வதால் வினையாகிறது. முன்னால் வைக்கும் காலையும் மேலே பிடிக்கும் கையையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். எட்டி இழுப்பதற்குப் பதில் ஓர் அடி முன்னே எடுத்து வையுங்கள். ஈர இலைகள் நிரம்பிய பையைத் தூக்காமல், விரிப்பில் குவித்து இழுத்துச் செல்லலாம்.

நீண்ட பயணங்களில் இடுப்பு வலி வருவதைத் தவிர்க்க முடியுமா?

பெருமளவு முடியும். வாகனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அசையாமல் இருப்பதோடு அதிர்வும் சேர்கிறது. உட்கார்ந்த நிலையில் முதுகுத்தண்டு விநாடிக்கு 4 முதல் 6 வரையிலான அதிர்வுகளுக்கு மிகுதியாக ஆடும் இயல்புடையது. மேடு பள்ளமான சாலைகளில் வாகனங்கள் தரும் அதிர்வு பெரும்பாலும் இதை ஒட்டியே அமைகிறது. இருக்கையின் சாய்மானத்தைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, இடுப்பின் வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்பையில் பணப்பையோ கைபேசியோ இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடக்க வேண்டும்.

சேருமிடம் வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, வண்டியின் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பெட்டியை இழுப்பது. மணிக்கணக்கில் வளைந்து உட்கார்ந்திருந்த முதுகுக்கு இது மிகவும் தவறான வேளை. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பெட்டியை முதலில் உங்கள் பக்கம் இழுத்து, விளிம்பில் நிறுத்தி, வயிற்றோடு அணைத்துப் பிறகு இறக்குங்கள். பேருந்திலும் ரயிலிலும் விமானத்திலும் மேலே வைக்க வேண்டிய பையை முதலில் இருக்கையின் மீது வைத்துப் பிடியை மாற்றிக்கொண்டு, இரண்டாம் கட்டமாக மேலேற்றுங்கள். ஒரே பெரிய பெட்டியைவிட இரண்டு சிறிய பெட்டிகள் முதுகுக்கு உகந்தவை. மலையேற்றப் பையானால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். எடையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும்.

கோடையில் நீச்சலும் விளையாட்டும் முதுகுக்கு நல்லவையா?

இரண்டுமே நல்லவை. ஆனால் ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகக் குதிப்பது கழுத்தெலும்பை முறித்து, தண்டுவடத்தைச் சிதைத்து, ஒரு நொடியில் கைகால்களை வாழ்நாள் முழுமைக்கும் செயலிழக்கச் செய்யக்கூடியது. இளைஞர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். முதலில் கால்கள் படும்படி இறங்கி ஆழம் பார்க்காமல் யாரும் குதிக்கக் கூடாது.

விடுமுறையில் நாள் முழுதும் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளில், வேகப்பந்து வீசுபவர்களைத் தனியே கவனியுங்கள். வளரும் வயதில் அளவுக்கு மீறிப் பந்து வீசினால் கீழ்முதுகு முள்ளெலும்பில் நுண்ணிய விரிசல் ஏற்படலாம். பெரும்பாலும் பந்தெறியும் கைக்கு எதிர்ப்புறத்தில் வலிக்கும், பின்னோக்கி வளையும்போது கூடும். ‘தசைப்பிடிப்பு, சரியாகிவிடும்’ என்று சொல்லித் தொடர்ந்து ஆடவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியவை எவை?

வழுக்கி விழுதல் முதன்மையானது. பிட்டம் அடிபட விழுந்தால், எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர்களுக்கு முள்ளெலும்பு நசுங்கிவிடக்கூடும். தேய்ந்த செருப்புகளை மாற்றுவதும், வாசலிலும் குளியலறையிலும் ஈரத்தை உடனுக்குடன் துடைப்பதும் எந்த மருந்தையும்விடப் பயன் தருபவை.

அடுத்தது இருமலும் தும்மலும். குனிந்தபடி பலமாகத் தும்மிய கணத்தில் முதுகு பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம். தும்மல் வருவதை உணர்ந்தால் நிமிர்ந்து நின்று, ஒரு கையால் மேசையையோ சுவரையோ பற்றிக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருந்தால் முன்னால் மடங்காமல் சாய்மானத்தில் முதுகைப் பதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் நாள்களில்?

வேலையை ஒரே நாளில் குவிக்காமல் அறை அறையாகப் பல நாள்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து பொருள் இறக்க ஏணியில் ஒருவரும் கீழே ஒருவருமாக இருவர் வேண்டும். சாய்த்து வைக்கும் ஏணியின் அடி, அதன் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். உங்கள் வயிறு ஏணியின் இரு சட்டங்களுக்கும் வெளியே போகும் அளவுக்குப் பக்கவாட்டில் எட்டக் கூடாது. இறங்கி ஏணியை நகர்த்துங்கள். அலமாரியையும் கட்டிலையும் இழுப்பதைவிட, பின்னங்காலை ஊன்றித் தள்ளுவது எளிது. அடியில் ஒரு பழைய கம்பளத் துண்டைச் செருகினால் வழுக்கிக்கொண்டு நகரும்.

இடுப்பு பெல்ட் அணிந்தால் பாதுகாப்புதானே?

இல்லை. வலி இல்லாதவர்களுக்கு வலி வராமல் தடுக்கும் ஆற்றல் பெல்ட்டுக்கு இருப்பதாக ஆய்வுகள் நிறுவவில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கும் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பெல்ட் தரும் துணிச்சலில் கூடுதல் எடையைத் தூக்கிவிடுவது உண்மையான ஆபத்து.

திடீரென முதுகு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

வேலையை நிறுத்திவிட்டு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, கால்களை ஒரு நாற்காலியின் மீது வைத்துச் சிறிது நேரம் இருங்கள். வலி தாங்கும் அளவுக்குக் குறைந்ததும் எழுந்து மெதுவாக நடங்கள். நாள்கணக்கில் படுத்திருப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், படுக்கை ஓய்வு எடுத்தவர்களைவிடவும், தனியாக முதுகுப் பயிற்சிகள் செய்தவர்களைவிடவும், வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். வெந்நீர் ஒத்தடம் பலருக்கு இதம் தரும். வலிநிவாரண மாத்திரைகளை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டே எடுங்கள். சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்களுக்கு அவற்றில் சில தீங்கானவை.

உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லதல்லவா?

அபாய அறிகுறிகள் இல்லாதபோது தேவையில்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. தலைமுடி நரைப்பதைப் போன்ற இயல்பான மாற்றத்தை ‘டிஸ்க் தேய்ந்துவிட்டது’ என்று தாளில் படித்துவிட்டு, அசையவே அஞ்சி ஒடுங்கிப்போவது வலியைவிடக் கூடுதலாகத் துன்புறுத்தும்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்கக் கூடாது?

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது கட்டுப்பாடின்றி வெளியேறுவது, மலத்தை அடக்க முடியாமை, தொடைகளின் உட்புறத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல் ஆகியவை தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதமும் நிரந்தர இழப்பாக முடியலாம். ஒரு கால் நாளுக்கு நாள் வலுவிழந்து வந்தாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, முன்பு புற்றுநோய் இருந்திருந்தாலோ, கீழே விழுந்தபின் வலி தொடங்கியிருந்தாலோ, நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவராக இருந்தாலோ விரைவில் மருத்துவரைப் பாருங்கள்.

கோடையில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி, அடிவயிற்றை நோக்கி இறங்கி, எப்படிப் படுத்தாலும் அடங்காமல் அலை அலையாக வரும் வலி, பெரும்பாலும் முதுகுத்தண்டைச் சேர்ந்ததன்று. நீர் போதாமல் உருவான சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.

பருவம் தொடங்கும் முன்பே முதுகைத் தயார்படுத்த முடியுமா?

முடியும், இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் மிகவும் பயன் தரக்கூடியது இதுதான். வலி வராமல் தடுக்கும் வழிகளை ஒப்பிட்டு 2016-இல் வெளியான தொகுப்பாய்வில், உடற்பயிற்சியும் முறையான விளக்கமும் சேர்ந்தபோது வலி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்தது. நடை ஒன்றே போதிய பலன் தருகிறது. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலை அளவாக (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 208 நாள்கள் ஆயின. நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள்களிலேயே திரும்பியது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்பதே அவர்கள் ஆறு மாதத்தில் எட்ட முயன்ற அளவு.

நடையோடு மூன்று எளிய பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை மேலே உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குவது ஒன்று. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டி நிறுத்தி, பிறகு மாற்றிச் செய்வது இன்னொன்று. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது மூன்றாவது. பனியோ தோட்டப் பருவமோ வருவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

வலி குணமானபின் அதே வேலைக்கு எப்போது திரும்பலாம்?

வலி முற்றிலும் மறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் தடையின்றி நடக்கவும், காலுறையைச் சிரமமின்றி மாட்டவும் முடிந்தால் சிறிய அளவில் தொடங்கலாம். முதல் நாள் இருபது நிமிடம், பழைய எடையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை முதுகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். லேசான வலி இருந்து ஒரு நாளுக்குள் தணிந்துவிட்டால் அந்த அளவு சரியானது. இரண்டொரு நாளில் சிறிது கூட்டலாம். வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ காலுக்கு இறங்கினாலோ, அதற்கு முந்தைய அளவுக்குத் திரும்பி, அங்கிருந்து மெதுவாக ஏற வேண்டும். ஆறு வாரங்களுக்குப் பிறகும் முன்னேற்றம் தெரியவில்லையென்றால், ஓர் இயன்முறை மருத்துவரிடம் அந்த வேலையைச் செய்தே காட்டி, எந்த அசைவில் வலி வருகிறது என்று கண்டறியச் சொல்லுங்கள்.